கடலடி மணலும் துறைமுகக் கணக்கும்

துறைமுக வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பலையும் சரக்கையும் சுங்கத்தையும் பற்றியே எழுதுவர். துறைமுகத்தின் அடியிற் கிடக்கும் மணலைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும் ஒரு துறைமுகம் நிலைப்பதும் தூர்ந்து போவதும் அந்த மணலைப் பொறுத்தனவாம். வந்த கப்பல் தானே போய்விடும். உள்ளே வந்த மணல் தானே போவதில்லை. கடலடியில் என்ன கிடக்கின்றது, அது எங்கிருந்து வந்தது, இன்னும் பத்தாண்டு கழித்து எங்கே கிடக்கும் என்னும் மூன்று வினாக்களுள், முதலாவதற்கு விடை காண மாலுமிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பழகிவிட்டனர். மூன்றாவதற்குக் கணக்கு முறையால் விடை காணும் முயற்சியோ ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வயதினதேயாகும். அம்முயற்சியின் வரலாற்றில் நமக்கு மிக அண்மையில் உள்ளதும் தமிழ் மக்கள் வாழும் கரையில் நிகழ்ந்ததுமான சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றை இக்கட்டுரையிலே நோக்குவாம்.

பழைய மாலுமியின் கருவி மிக எளியது. கயிற்றின் நுனியில் ஓர் ஈயக்குண்டு. குண்டின் அடியில் ஒரு குழி. குழியில் அப்பிய மாட்டுக் கொழுப்பு. கயிறு எத்தனை பாகம் இறங்கிற்று என எண்ணினால் ஆழம் தெரியும். குண்டைத் தூக்கிப் பார்த்தால் கொழுப்பில் ஒட்டியிருப்பது மணலோ சேறோ சிப்பித்தூளோ என்பது தெரியும். ஒன்றும் ஒட்டாது கொழுப்பு நசுங்கி மாத்திரம் வந்தால் அடி பாறை என்று கொள்வர். இவ்வாறு கண்டவற்றைக் கடற்படத்தில் ஆழத்தைக் குறிக்கும் எண்ணுக்கு அருகே குறியெழுத்தாக எழுதி வைத்தனர். நங்கூரம் இடுபவனுக்கு இவ்வளவு போதும். துறைமுகம் கட்டுபவனுக்கு இது போதாது. கடற்படம் அளந்த நாளிற் கிடந்த மணலைக் காட்டும். அளந்தவன் கரையேறிய பின் அம்மணல் எங்கே சென்றது என்பதைக் காட்டாது. ஒரே இடத்தை ஒரே முறையில் ஆண்டுதோறும் அளந்து, ஒரு படத்தை மற்றொரு படத்தோடு ஒப்பிடும்பொழுதுதான் மணலின் நடை புலப்படும். சொல்லும்பொழுது இஃது எளிதாகவே தோன்றுகின்றது. இதனைக் கற்றுக்கொள்வதற்குச் சென்னை கொடுத்த விலையோ பெரிது.

1639ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியார் சென்னையில் இடம் பெற்றபொழுது அங்கே இயற்கைத் துறைமுகம் ஒன்றும் இருக்கவில்லை. நேராக நீண்ட மணற்கரை. அதன் முன்னே ஓயாது முறியும் அலைவரிசை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறி அலையைக் கடந்து கரை சேர வேண்டும். ஆணி அறையாது கயிற்றால் தைத்த பலகைகளாலான அப்படகுகள் அலையின் அடிக்கு வளைந்து கொடுப்பன. அவற்றைச் செலுத்திய மீனவரின் கைத்திறனிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரின் வாணிகம் தங்கியிருந்தது. சரக்கு நனைவதும் படகு கவிழ்வதும் உயிர் போவதும் அங்கே புதுமையல்ல.

1861ஆம் ஆண்டில் இரும்புத் தூண்களின் மேல் அமைந்த இறங்குபாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இதனை ஒரு வரியிற் சொல்லிக் கடந்து விடுவர். மணலின் வரலாற்றை நோக்குபவர் சிறிது நின்று பார்த்தல் வேண்டும். அப்பாலத்தின் தூண்களுக்கிடையே நீரும் மணலும் தடையின்றிச் சென்றன. ஆதலின், கடலுக்குள் நெடுந்தூரம் நீண்ட ஓர் அமைப்பு பல்லாண்டு அக்கரையில் நின்றும், கரைக்கு நேரக்கூடிய பெரிய மாற்றத்தை அது முன்கூட்டி உணர்த்தவில்லை. தூண் வேறு, சுவர் வேறு என்பதைச் சுவர் எழுந்த பின்னரே கரை காட்டிற்று.

மணல் நடக்கும் முறை யாது? அலை கரைக்கு நேராக வந்து மோதுவது அரிது. சிறிது சாய்ந்தே வரும். சாய்ந்து ஏறும் நீர் மணலைச் சாய்வாகக் கொண்டு ஏறுகின்றது. திரும்பும் நீர் சரிவின் வழியே நேராக இறங்குகின்றது. ஆகவே ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணற்பரல் கரையோரமாகச் சிறிது தூரம் விலகி வைக்கப்படுகின்றது. இதனோடு, அலை முறியும் இடத்துக்கும் கரைக்கும் இடையே கரையோரமாக ஓடும் நீரோட்டமும் மணலைச் சுமக்கின்றது. சோழகக் காலத்திலே சென்னைக் கரையில் தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுவன. வாடைக் காலத்திலே வடகிழக்கிலிருந்து வரும் அலைகள் அதனைத் தெற்கே திருப்புவன. வடக்கே செல்லும் காலம் நீண்டது. தெற்கே திரும்பும் காலம் குறுகியது. வரவையும் செலவையும் கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் வடக்கு நோக்கியே மிகுதி நிற்கும். இம்மிகுதி எவ்வளவு என்பதே துறைமுகப் பொறியியலாளர் அறிந்திருக்க வேண்டிய தொகை.

கராச்சித் துறைமுக வேலைகளிற் பழகிய வில்லியம் பார்க்ஸ் என்பவர் சென்னைக்கு வரைந்த திட்டம், கரையிலிருந்து இரண்டு கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, அவற்றின் முனைகளை ஒன்றையொன்று நோக்கி வளைத்து, நடுவே கிழக்கு நோக்கிய வாயில் ஒன்றை விடுவதாகும். 1875ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் இதற்கு அடிக்கல் நாட்டினார். அதே மாதத்தில், அதே பயணத்தில், சேர் ஜோன் கூட் வகுத்த கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புக்கும் அவரே முதற்கல் இட்டார். கொழும்பின் வேலை 1885இல் நிறைவெய்தியது. சென்னைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1881ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்திலே, வேலை முடியுந்தறுவாயில், புயல் ஒன்று சுவர்களின் பெரும் பகுதியைச் சிதைத்தது. பின்னர் அவற்றைத் திருத்தி எழுப்பப் பல்லாண்டு சென்றது.

புயலின் அழிவை எல்லாருங் கண்டனர். மணலின் வேலை அரவமின்றி நடந்தது. வடக்கே சென்று கொண்டிருந்த மணல் தென்சுவரின் அடியில் தடைப்பட்டுக் குவியத் தொடங்கிற்று. கரை கிழக்கே நகர்ந்தது. முன்னாளிற் புனித ஜோர்ஜ் கோட்டையின் மதிலை அண்மியிருந்த கடல் ஆண்டுக்காண்டு விலகிச் சென்றது. ஆளுநர் கிராண்ட் டவ் 1884ஆம் ஆண்டில் அக்கரையோரமாக உலாவுசாலை அமைத்து அதற்கு மெரீனா என்று பெயரிட்டார். இன்று பல்லாயிரவர் மாலைப்பொழுதிற் காற்று வாங்கும் அப்பெருமணற்பரப்பு அகன்றது துறைமுகச் சுவர் மறித்த மணலாலேயாம். சில ஆண்டுகளுக்கு முன் யான் அங்கே சென்றபொழுது, சாலையிலிருந்து நீர்விளிம்புக்கு வெயிலில் நடந்து கால் கடுத்தது. உடன் வந்த மாணவன் ஒருவன், “இவ்வளவு மணலையும் யார் கொண்டு வந்து கொட்டினார்கள், சேர்?” என்று கேட்டான். வேடிக்கையாகக் கேட்டானாயினும் கேள்வி சரியானதே.

விடையைத் தொகையாற் சொல்லலாம். 1886 முதல் 1949 வரையான அளவைகளைக் கொண்டு, சென்னையில் வடக்கு நோக்கிச் செல்லும் மணலின் மிகுதி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 566,000 கன மீற்றர் என ஆய்வாளர் மதித்துள்ளனர். நாளொன்றுக்கு இது 1,550 கன மீற்றருக்குக் குறையாது. ஒரு மாட்டுவண்டி அரைக் கன மீற்றர் மணல் ஏற்றும் எனக் கொள்ளின், நாள்தோறும் மூவாயிரம் வண்டிகள் ஓய்வின்றி மணல் கொணர்ந்தாற்போலாம். அந்த அறுபத்துமூன்று ஆண்டுக்கும் கூட்டினால் மூன்றரைக் கோடிக் கன மீற்றரை விஞ்சும்.

அக்காலப் பொறியியலாளர் இதனை அறியாதவரோ என்று வினவுதல் இயல்பு. கரையோரமாக மணல் செல்லும் என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். 1869இல் திறக்கப்பட்ட சுயெசுக் கால்வாயின் வடவாயிலாகிய போர்ட் செயிட்டில், மேற்குச் சுவரை நைல் ஆற்று மணல் எவ்வாறு நெருக்கிற்று என்பது உலகறிந்த செய்தி. சென்னையிலுங்கூட, துறைமுகம் எழுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர், நகரின் வடபகுதியைக் கடல் அரித்தமையால் டி ஹாவிலண்ட் என்னும் பொறியியலாளர் கல்லணை அமைக்க நேர்ந்தது. ஆகவே அறியாமை பொருளைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. மணல் வரும் என்பது ஓர் அறிவு. இவ்வளவு மணல் இத்தனை ஆண்டில் இந்த இடத்தை அடையும் என்பது மற்றோர் அறிவு. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதும் தம்மிடம் உள்ளதாக எண்ணியதே பிழை என்பது என் கருத்து. அக்குறையை ஒருவர் தலையிற் சுமத்துதல் முறையன்று. தொடர்ந்த அளவை இல்லாதவிடத்து எத்துணை மதியூகியும் ஊகிக்கவே முடியும்.

தென்சுவரின் அருகே இடம் நிறைந்ததும் மணல் சுவரைச் சுற்றிக் கிழக்கு வாயிலை நெருங்கிற்று. வாயில் ஆழங் குறைந்தது. இந்நிலையில், 1904ஆம் ஆண்டிலே, சேர் பிரான்சிஸ் ஸ்பிறிங் துறைமுகப் பொறுப்பாட்சியின் தலைவராக வந்தார். இவர் ஆற்று மணலோடு போராடியவர். மணலிடை அலையும் ஆறுகளைக் கரையணைகளால் நெறிப்படுத்தும் முறை பற்றி இவர் 1903இல் எழுதிய நூலைப் பொறியியலாளர் நெடுங்காலம் போற்றினர். ஆற்றிலே மணலைத் தடுக்க முனைபவன் தோற்பான், வழிகாட்டி அனுப்புபவனே வெல்வான் என்பதை அறிந்திருந்த இவர், கடலிலும் அந்நெறியையே கைக்கொண்டார் எனலாம். கிழக்கு வாயில் அடைக்கப்பட்டது. மணல் வரும் திசைக்கு முதுகு காட்டி வடகிழக்கு நோக்கியதாகப் புதிய வாயில் அமைந்தது. அதற்குக் காவலாக வெளிச்சுவர் ஒன்று நீண்டது. இவற்றிலும் மேலாக யான் மதிப்பது அவர் அளவைகளைத் தொகுத்து ஆராய்ந்தமையையே. சென்னைக் கரையின் மணற் செலவைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1913ஆம் ஆண்டளவில் இலண்டன் குடிசார் பொறியியலாளர் கழகத்தின் நடவடிக்கைத் தொகுதியில் வெளியாயிற்று. அதன் பின்னர் உலகெங்கும் கரைமணலைப் பற்றி எழுதியோர் சென்னையை எடுத்துக்காட்டாகக் கூறலாயினர்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாது செல்ல மனம் வரவில்லை. இதே துறைமுக அலுவலகத்தில், இதே ஸ்பிறிங்கின் கீழ், 1912 மார்ச்சு முதல் மாதம் முப்பது ரூபாச் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் எழுதுவினைஞராக இருந்தவர் கணிதமேதை இராமானுசன். அவரது திறனை உணர்ந்து அவருக்கு உதவியோருள் ஸ்பிறிங்கும் ஒருவர். இராமானுசன் மணற்கணக்கில் ஈடுபட்டாரென எவரும் மயங்கற்க. அவர் எண்ணிய எண்கள் வேறு. ஆயினும் ஓர் அறையில் முடிவிலாத் தொடர்களும் மற்றோர் அறையில் முடிவிலா மணலும் கணக்கிடப்பட்ட அவ்வலுவலகத்தை நினைக்குந்தோறும் கணித ஆசிரியரல்லாத எனக்கும் ஒரு மகிழ்ச்சி உண்டாகின்றது.

எதிர்வுகூறும் கலை இக்காலத்தில் மற்றொரு வழியாலும் வளர்ந்தது. 1885ஆம் ஆண்டளவில் மஞ்செஸ்ரர் ஓவன்ஸ் கல்லூரிப் பேராசிரியர் ஒஸ்போன் றெனோல்ட்ஸ், லிவர்பூல் துறைமுகம் அமைந்த மேர்சி ஆற்று முகத்தை ஒரு தொட்டிக்குள் அமைத்தார். நீள அகலங்களில் மைலுக்கு இரண்டு அங்குலம். ஆழத்தில் எண்பது அடிக்கு ஓர் அங்குலம். பன்னிரண்டு மணிக்குமேற் செல்லும் ஒரு வற்றுப்பெருக்கைத் தொட்டியில் ஏறக்குறைய நாற்பது செக்கனில் நிகழச் செய்தார். சமமாகப் பரப்பிய மணல் பல்லாயிரம் வற்றுப்பெருக்குகளின் பின் மேடும் வாய்க்காலுமாகப் பிரிந்து, மேர்சியின் கடற்படத்தில் உள்ளனவற்றை ஒத்துக் கிடந்தது. அதுவரை படத்தில் மாத்திரம் இருந்த கடலடி முதன்முதலாக மேசையின்மேல் தானே உருவாயிற்று. ஆயினும் றெனோல்ட்ஸ் ஆண்டது வற்றுப்பெருக்கின் கடல். சென்னையில் வற்றுப்பெருக்கு சிறிது. மணலைக் கொண்டு செல்வது அலை. ஓரிடத்திற் பலித்த முறை மற்றோரிடத்தில் அப்படியே பலிக்குமென எதிர்பார்க்க இயலாது.

சென்னை கற்ற பாடம் அதே கரையில் வடக்கேயுள்ள விசாகப்பட்டினத்துக்குப் பயன்பட்டது. 1933ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயிலுக்குத் தெற்கே யேனஸ், வெல்லெட்சன் என்னும் இரண்டு பழைய கப்பல்களை மூழ்குவித்துத் தீவுபோன்ற அலைதடுப்பு ஒன்றை ஆக்கினர். அதன் மறைவில் நீர் அமைதியுற, வந்த மணல் அங்கேயே விழுந்தது. விழுந்ததைத் தூர்வாரும் கப்பல் அள்ளி வடகரைக்கு அனுப்பிற்று. மணல் வந்தே தீரும் என ஏற்றுக்கொண்டு, அது எங்கே விழவேண்டும் என்பதை மனிதன் தீர்மானித்த திட்டம் இது. சென்னையின் முதல் திட்டத்தோடு இதனை ஒப்பிட்டால் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அறிவு எவ்வளவு வளர்ந்தது என்பது விளங்கும்.

சேற்றின் நடை வேறு. அது மணல்போல் அடியில் உருளாது, நீரிற் கலந்து மிதந்து நெடுந்தூரஞ் சென்று படியும். பம்பாய்த் துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றைக் கடலிற் கொட்டினால் அது மீண்டும் உள்ளே வருமா என்னும் ஐயத்தைத் தீர்க்க, 1959ஆம் ஆண்டில் ஸ்கந்தியம் 46 என்னும் கதிர்வீசு பொருள் சேர்ந்த கண்ணாடித் தூளைக் கடலடியிற் பரப்பி, அது சென்ற வழியைக் கருவியால் பின்தொடர்ந்தனர். ஈயக்குண்டின் கொழுப்பில் ஒட்டிய மணலுக்கு முகவரி இருந்ததில்லை. இம்முறையால் மணற்பரலுக்கும் சேற்றுத்துகளுக்கும் முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது.

இனிச் சென்னைக்கு மீள்வோம். தென்கரை பெற்றதை எழுதினேன். வடகரை இழந்ததை எழுதவேண்டும். தெற்கே மணல் மறிபட்டதால் வடக்கே செல்லவேண்டிய மணல் செல்லவில்லை. அலையோ ஓயவில்லை, தனக்கு வரவேண்டியது வராதபொழுது இருப்பிலிருந்து எடுத்தது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிய கரையில் 1876க்கும் 1975க்கும் இடையே ஏறக்குறைய 500 மீற்றர் அகலமான நிலத்தைக் கடல் கொண்டதென ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். மீனவர் குப்பங்களும் அவர்கள் வலை உலர்த்திய மணலும் அதனுள் அடங்கும். மெரீனாவில் நடந்த மறுநாள் அக்கரைக்கும் சென்றேன். அங்கே மணலைக் காணவில்லை. கரிய பாறைகள் வரிசையாகக் குவிக்கப்பட்டிருந்தன. அவற்றின் இடுக்கில் ஒருவர் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். தெற்கே ஒரு நகரம் காற்று வாங்கும் மணல், வடக்கே ஒருவருடைய வீட்டு முற்றமாக இருந்திருக்க வேண்டியது.

எதிர்வுகூறல் என்பது கேட்ட கேள்விக்கு மாத்திரமே விடை தரும் என்பதை இங்கேதான் தெளிந்தேன். நெடுங்காலம் சென்னையிற் கேட்கப்பட்ட தலைமையான கேள்வி வாயில் தூர்ந்துவிடுமா என்பது. அதற்கு ஸ்பிறிங் நல்ல விடை கண்டார். ஐந்து மைல் வடக்கே என்ன நிகழும் என்ற கேள்விக்கு அதேயளவு பணமும் படமும் ஒதுக்கப்பட்டிருந்தால் வரலாறு வேறாகியிருக்கலாம். விசாகப்பட்டினத்தில் அள்ளிய மணலை வடகரைக்கே கொடுத்தமை அக்கேள்வியை ஓரளவேனும் கேட்டதன் பயனாகும்.

இது கடல் கடந்த ஊரின் பழங்கதை என எண்ணுவோர் நம் நாட்டின் ஒலுவிலை நோக்குக. அம்பாறை மாவட்டக் கரையில் 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அத்துறைமுகத்திலும் கரைமணல் வடக்கு நோக்கியே செல்கின்றது. வாயிலை மணல் மூடியது. படகுகள் உள்ளே செல்லவும் வெளியே வரவும் இடர்ப்பட்டன. துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் தென்னந்தோப்பையும் நிலத்தையும் அரித்தது. ஸ்பிறிங்கின் ஆய்வுரை அச்சாகி நூறு ஆண்டு நிறைந்த வேளையில் நிகழ்ந்தது இது.

இன்றைய கருவிகள் வியப்புக்குரியன. கப்பலின் அடியிலிருந்து விசிறிபோல் விரியும் ஒலிக்கதிர்கள் ஒரே ஓட்டத்தில் அகன்ற கடலடியை அளந்துவிடுகின்றன. எதிரொலியின் வன்மையைக் கொண்டே அடி மணலோ சேறோ பாறையோ எனப் பகுத்துப் படம் வரைகின்றனர். எடுத்த மணலைச் சல்லடையிலிட்டுப் பருமன் காண்பர். இன்ன பருமனுள்ள பரல் எவ்வளவு வலிய ஓட்டத்தில் அசையத் தொடங்கும் என்பதற்கு 1936இல் ஷீல்ட்ஸ் என்பார் கண்ட வரைகோடு இன்றும் பயன்படுகின்றது. இவை யாவற்றையுங் கணினிக்கு ஊட்டி, அடுத்த ஆண்டின் கடலடியை இவ்வாண்டே வரைந்து பார்க்கின்றனர். றெனோல்ட்ஸின் நாற்பது செக்கன் இன்று இன்னுஞ் சுருங்கிவிட்டது.

ஆயினும் ஓர் இடம் எஞ்சி நிற்கின்றது. ஒலிக்கருவி பூட்டிய கப்பல் அலை முறியும் இடத்துக்கு வெளியே நின்றுவிடும். அதற்குள் வந்தால் தரை தட்டும். கரையிலிருந்து அளப்பவன் இடுப்பளவு நீரில் நின்றுவிடுவான்; அதற்கப்பால் அலை அவனை வீழ்த்தும். கப்பலின் அளவைக்கும் கரையின் அளவைக்கும் இடையே ஒரு குறுகிய பட்டி பெரும்பாலும் அளக்கப்படாமலே கிடந்து, படத்தில் இரு முனைகளையும் இணைத்துக் கோடிட்டு நிரப்பப்படுகின்றது. வானூர்தியிலிருந்து ஒளிக்கதிரால் அளக்கும் முறை உண்டெனினும், மணல் கலங்கிய நீரில் அவ்வொளி அடிவரை செல்லாது. கரைமணலின் பெரும்பங்கு நடப்பது அந்தப் பட்டியிலேதான். மசூலாப் படகோட்டிகள் நாள்தோறும் கடந்துசென்ற இடமும் அதுவே.